வெந்நீரில் கிடந்த வாத்துமூக்கு

சென்னப்பனுக்கு ஒரு ஆத்தாமை உண்டு. இன்று நேற்று வந்ததில்லை. எண்பத்தைந்தாம் வருஷத்திலிருந்து தொண்டையில் மாட்டிய மீன்முள் மாதிரி கிடக்கிறது. பாலக்கோடு தக்காளி மண்டியில் கூடை இறக்கிவிட்டு டீ குடிக்க உட்காரும்போது யாராவது ஆஸ்பத்திரி என்று பேச்செடுத்தால் போதும், ஆரம்பித்துவிடுவான். ஆஸ்பத்திரிக்குச் சாமான் வாங்குகிறவன் ஒருத்தன். அந்தச் சாமானை உடம்பில் வாங்கிக்கொள்கிறவள் வேறொருத்தி. அதைக் கழுவுகிறவளும் கொளுத்துகிறவனும் வேறு ஆட்கள். வாங்குகிறவன் மற்றவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டானா? கேட்கவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

டீக்கடையில் இருப்பவர்களுக்கு இது ஒன்றும் பெரிய விஷயமாகத் தெரியாது. பெரிய விஷயம்தான் என்று காட்ட ஷரீபுன்னிசாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளைப் பற்றிச் சொன்னால், தான் வாய் திறக்காமல் நின்ற கதையையும் சொல்லியாக வேண்டும். அதனால் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போய்விடுவான்.

பாப்பிரெட்டிப்பட்டியைத் தாண்டி சித்தேரி மலைக்குப் போகிற ரோட்டில் அப்போது ஒரு பிரசவ ஆஸ்பத்திரி இருந்தது. ஏதோ ஒரு தர்ம டிரஸ்டுக்குச் சொந்தம். எட்டுக் கட்டில். டாக்டரம்மா செவ்வாயும் வெள்ளியும் சேலத்திலிருந்து பஸ்ஸில் வந்து இறங்குவார். மற்ற நாளெல்லாம் ஒரு நர்ஸ், ஒரு ஆயா, ஒரு சென்னப்பன். அவனுக்கு வாட்ச்மேன் என்று பேர். தண்ணீர் இறைப்பது, குழி வெட்டுவது, குப்பை கொளுத்துவது எல்லாம் அவன் தலையில்தான். சம்பளத்துக்காக அவன் அங்கே கிடக்கவில்லை, வீட்டுக்காகக் கிடந்தான். அண்ணன் தம்பி பாகம் பிரித்ததில் சொந்த ஊரில் அவனுக்குத் தலைக்கு மேல் கூரை இல்லாமல் போயிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒரே அறை. அதில் அவனும் பாஞ்சாலியும் மூன்று பிள்ளைகளும். இருந்த ஒரே ஜன்னல் குப்பைக்குழியைப் பார்த்து இருந்தது.

ஷரீபுன்னிசா அங்கே கூட்டிப் பெருக்க வந்தவள். பிறந்தது தருமபுரி, ஐந்தாவது வரை படிப்பு. பாப்பிரெட்டிப்பட்டி பஸ் ஸ்டாண்டில் ஸ்டவ் ரிப்பேர் கடை வைத்திருந்த அப்துல் ரஷீதுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தாள். நாலு தடவை வயிறு கனத்து, தங்கியது ஷகிலா என்று ஒரு பெண் மட்டும்தான். மூன்றாவது கலைந்தபோது வெளியூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். தை மாசத்துக் காலை நேரம். யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை, எதைச் செய்யப்போகிறோம் என்றும் சொல்லவில்லை. குளிர்ந்து கிடந்த இரும்பை எடுத்து உள்ளே வைத்துத் திருகியிருக்கிறார்கள். இரண்டு பல் வரிசையும் கிட்டிப்போய் அவள் எதற்காக வந்தோம் என்பதையே மறந்துவிட்டாளாம். அதற்குப் பிறகு எட்டு வருஷம், உடம்புக்கு என்ன வந்தாலும், எந்த ஆஸ்பத்திரி வாசலையும் மிதிக்கவில்லை. கடைசியில் மிதித்தது துடைப்பத்தோடுதான்.

அந்த இரும்புக்கு ஸ்பெகுலம் என்று பேர். பெண்களுக்குக் கர்ப்பப்பை வாயைப் பார்க்க டாக்டர்கள் வைக்கிற கருவி. இரண்டு தகடு சேர்ந்து வாத்தின் மூக்கு மாதிரி இருக்கும், திருகினால் வாய் திறக்கும். வருகிற பெண்கள் வாத்துமூக்கு என்றே சொன்னார்கள். ஆஸ்பத்திரியில் அப்படி ஆறு இருந்தது. பெரிசு இரண்டு, நடுத்தரம் இரண்டு, சின்னது இரண்டு. எல்லாம் ஸ்டீல். டிரஸ்ட் ஆரம்பித்த நாளிலிருந்து இருப்பவை.

ஷரீபுன்னிசா ஆயா வேலைக்கு உயர்ந்ததும் அந்த ஆறும் அவள் கைக்கு வந்தது. இருபது நிமிஷம் கொதிக்க வைப்பது எல்லா ஊரிலும் உள்ள வழக்கம்தான். அவள் அதோடு விடமாட்டாள். கொதித்து ஆறின தண்ணீரில் கொஞ்சம் வெந்நீர் ஊற்றிக் கலந்து, குழந்தைக்குப் பால் சூடு பார்ப்பதுபோல் ஒரு சொட்டைப் புறங்கையில் விட்டுப் பார்ப்பாள். சரியாக இருந்தால்தான் வாத்துமூக்கு அந்தத் தண்ணீரில் இறங்கும். அதிலிருந்து நேரே டாக்டரம்மா கைக்குப் போகும். ஆளைப் பார்த்தே சின்னதா பெரிசா என்று எடுத்து வைத்துவிடுவாள். மலையிலிருந்து வருகிற ஒல்லிப் பெண்களுக்குப் பெரிசை எடுத்தால் டாக்டரம்மாவையே முறைப்பாள்.

இன்னொரு வித்தையும் வைத்திருந்தாள். டாக்டரம்மா கையை நீட்டுகிற அந்த நேரம் பார்த்து, படுத்திருப்பவளிடம் "இன்னைக்கு என்ன கொளம்பு வூட்டுல?" என்று கேட்பாள். அந்த இடத்தில் அப்படி ஒரு கேள்வியை யார் எதிர்பார்ப்பார்கள்? அவரைக்கொட்டை என்பாள் ஒருத்தி. களிக்கு அது சேராதே, கருவாடு போட்டியா என்பாள் இவள். போடவில்லை, அவருக்கு ஆகாது என்று அவள் புருஷன் நாக்கைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே வேலை முடிந்துவிடும். எழுந்து உட்கார்ந்த பிறகுதான் அவளுக்கே தெரியும். வெளியே வராண்டாவில் குப்பையள்ளிக்கொண்டிருக்கும் சென்னப்பனுக்கு ஊரிலுள்ள அத்தனை வீட்டுக் குழம்பும் காதில் விழும்.

அந்தப் பக்கத்தில் ஆயா என்றால் பாட்டி. சின்னப் பெண்கள் ஆயா, ஆயா என்று கூப்பிட்டால் அவளுக்குப் பொத்துக்கொண்டு வரும். "எனக்கு நாப்பத்தி ரெண்டு வயசுதாண்டி ஆவுது, என்னைக் கெழவி ஆக்காதீங்க" என்பாள். சென்னப்பன் அக்கா என்றுதான் கூப்பிட்டான்.

ஆறில் சின்னது இரண்டும் மூடும்போது ஓரத்தில் சதையைக் கவ்வியது. தகட்டு விளிம்பில் பிசிறு. டாக்டரம்மாவும் பலமுறை புதுசு கேட்டு எழுதினார், பதில் வரவில்லை. ஷரீபுன்னிசா ஒரு முடிவெடுத்தாள். இரும்பை அரத்தால் ராவுவதில் தன் புருஷனுக்கு மிஞ்சின ஆள் தாலுகாவில் கிடையாது. ஆனால் இதை எப்படி அவர் கையில் கொடுப்பது? என்னவென்று சொல்வது? ரஷீத் பாய் வீட்டில் பெண்கள் துணி காயும் கொடிப்பக்கம்கூடத் திரும்பிப் பார்க்காத மனுஷன்.

"தம்பி, நீ எடுத்துட்டுப் போ" என்றாள் சென்னப்பனிடம். "மாட்டாஸ்பத்திரிச் சாமான்னு சொல்லு. வாயைத் தொறந்து மருந்து ஊத்தறதுன்னு சொல்லு."

சென்னப்பன் மஞ்சள் பையில் போட்டு எடுத்துப் போனான். ரஷீத் பாய் கடை வாசலில் நாலு பேர் ஸ்டவ்வோடு நின்றிருந்தார்கள். பாய் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், திருகித் திறந்தார், மூடினார்.

"மாட்டு வாய் இத்தனூண்டா இருக்கும்?" என்றார்.

"கன்னுக்குட்டிக்குங்க பாய்."

"கன்னுக்குட்டியா? அது வாய் பூவாட்டம் இருக்குமேப்பா. இந்தப் பிசிறு கிழிச்சிராது?" அவருக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது. கையிலிருந்த ஸ்டவ்வை ஓரமாக வைத்தார். சின்ன அரத்தால் ராவி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, எண்ணெய்த் துணியால் துடைத்து ஒரு மணி நேரம் அதிலேயே உட்கார்ந்திருந்தார். கடைசியில் விளிம்பு வழுவழுப்பாகிவிட்டதா என்று பார்க்க, அத்தனை பேர் எதிரில், தன் கீழுதட்டில் வைத்து மெல்ல இழுத்துப் பார்த்தார். "இப்ப சரி. கன்னுக்குட்டிக்கு ஒண்ணும் பண்ணாது" என்றார். சென்னப்பன் பஸ் ஸ்டாண்டு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அதற்குப் பிறகு அந்த இரண்டும் யாரையும் கவ்வவில்லை. மற்ற நாலும் ஒவ்வொன்றாகக் கடைக்குப் போய் வந்தன. ரஷீத் பாய் டீக்கடையில் தன் மாட்டு வைத்தியக் கைங்கரியத்தைப் பற்றிப் பெருமையாகப் பேசிக்கொண்டிருந்தார். அவர் உதட்டில் வைத்துப் பார்த்ததைச் சென்னப்பன் சொன்னபோது ஷரீபுன்னிசா முக்காட்டை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்ததும் முகம் மாறிவிட்டது. "இது மட்டும் பஜாருக்குத் தெரிஞ்சுது, அவரு கடையத் தொறக்கவே மாட்டாரு தம்பி. செத்தாலும் சொல்லிராதே" என்றாள். சென்னப்பன் சத்தியம் செய்து கொடுத்தான்.

எண்பத்தைந்து சித்திரையில் அட்டைப்பெட்டிகள் வந்து இறங்கின. வெளிநாட்டிலிருந்து டிரஸ்டுக்கு வந்த தர்மம். உள்ளே காகித உறையில் தனித்தனியாக, கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக்கில் வாத்துமூக்கு. ஒரு ஆளுக்கு ஒன்று, வைத்துப் பார்த்துவிட்டு எறிந்துவிடலாம். டாக்டரம்மாவுக்கு மூச்சு வந்த மாதிரி இருந்தது. அதையும் தப்பென்று சொல்ல முடியாது. செவ்வாய்க்கிழமை அறுபது பேர் வருவார்கள், கருவி ஆறு, கரண்ட் பாதி நேரம் இருக்காது, மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் இருபது இருபது நிமிஷமாகக் கொதிக்க வைத்தால் சாயங்காலம் பஸ் போய்விடும். அவசரத்தில் ஒருத்தியின் சீக்கு இன்னொருத்திக்கு ஒட்டிக்கொண்டால் யார் பதில் சொல்வது?

ஷரீபுன்னிசாவும் முதலில் குறை சொல்லவில்லை. கையில் வாங்கிப் பார்த்து, சில்லென்று இல்லை, நல்லதுதான் என்றாள். பிறகுதான் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. எல்லாம் ஒரே அளவு, அதுவும் வெளிநாட்டுப் பெண்களின் அளவு. வார்த்த இடத்தில் நடுவே ஒரு கோடு மாதிரி மேடு. திறந்து நிற்க வைக்கும்போது டக்கென்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்துக்கே பாதிப் பேர் உடம்பை இறுக்கிக்கொண்டார்கள், குழம்புக் கேள்வி எடுபடவில்லை. டாக்டரம்மா இரண்டையும் ஒரு மாசம் வைத்துப் பார்ப்போம், எது நல்லதோ அதை வைத்துக்கொள்ளலாம் என்றார்.

அந்த மாசத்தில்தான் சென்னப்பன் தன் ஜன்னலை ஆணி வைத்து அடைத்தான். பஞ்சும் துணியும் எரிந்த குழியில் இப்போது பிளாஸ்டிக் எரிந்தது. எரிந்தது என்று சொல்வதுகூடத் தப்பு. உருகிச் சொட்டியது, கறுப்புக் கறுப்பாகப் புகை விட்டது, பாதியில் அணைந்து கட்டியாகிக் கிடந்தது. பாஞ்சாலி காயப்போட்ட கேழ்வரகின் மேல் கரி படிந்தது, கழுவினாலும் போகாமல் களியில் அந்த நாற்றம் வந்தது. கடைசிப் பிள்ளைக்கு இருமல் பிடித்தது. கத்திரி வெயிலில், ஜன்னல் அடைத்த ஒரே அறையில் ஐந்து பேர். கதவைத் திறந்தால் புகை, சாத்தினால் புழுக்கம். நர்சிடம் சொன்னான். குழியைத் தள்ளி வெட்டிக்கொள் என்றாள். தள்ளி வெட்ட இடமில்லை, அந்தப் பக்கம் ஓடை.

ஒரு வெள்ளிக்கிழமை மலையிலிருந்து குள்ளம்மாள் என்று ஒரு பெண் வந்தாள், பதினெட்டு வயசிருக்கும். அன்றைக்கு டிரஸ்ட் செக்ரட்டரி வந்திருந்ததால் பிளாஸ்டிக்கைத்தான் எடுக்க வேண்டியிருந்தது. டக்கென்ற சத்தம், அடுத்த நொடி அலறல். அந்தக் கோடு கிழித்திருக்கிறது. குள்ளம்மாள் சேலையை அள்ளிச் சுருட்டிக்கொண்டு வராண்டாவில் ஓடிப் படியிறங்கிப் போனவள்தான். அதற்குப் பிறகு அவள் ஊரிலிருந்தே யாரும் வரவில்லை.

ஷரீபுன்னிசா கையைக்கூடத் துடைக்காமல் நேரே செக்ரட்டரி அறைக்குப் போனாள். அவர் டிரஸ்டின் ஆள், ஊருக்குப் பெரிய மனுஷன். வெளிநாட்டுக்காரர்கள் ஆவணியில் வருகிறார்கள், பெட்டிகள் செலவாகியிருப்பதை அவர்கள் பார்க்க வேண்டும் என்பதுதான் அவருக்கு இருந்த கவலை. சென்னப்பன் சாவிக்கொத்தோடு வாசலில் நின்றான்.

ஸ்டீல் ஆறும் இருக்கட்டும், இன்னும் ஆறு வாங்கிக் கொடுத்தால் எத்தனை பேர் வந்தாலும் நான் கொதிக்க வைத்துச் சமாளிக்கிறேன், பின்னால் ஒரு குடும்பம் புகையில் வேகிறது என்று அவள் சொன்னாள். செக்ரட்டரி ஸ்டீல் தட்டைக் கொண்டுவரச் சொன்னார். ஒன்றை எடுத்து விரலால் தடவினார்.

"இதை யாரு ராவினது?"

"நான்தாங்க."

"எங்க வெச்சு?"

அந்த ஒரு கேள்வியில் அவளுக்கு எல்லாப் பக்கமும் அடைத்துவிட்டது. கடையில் என்றால் புருஷன் பேர் வெளியே வரும், உதட்டில் வைத்துப் பார்த்தது வரும், பஜாரே சிரிக்கும். ஆஸ்பத்திரியில் என்றால் இங்கே அரம் ஏது? அவள் ஒரு தடவை சென்னப்பனைப் பார்த்தாள். பார்த்துவிட்டு உடனே பார்வையை எடுத்துக்கொண்டாள்.

"வூட்டுலங்க."

"அப்ப ஆஸ்பத்திரிச் சாமான் உன் வூட்டுக்குப் போயிருக்குது. கேக்காம கொண்டுபோனா அதுக்குப் பேர் என்னம்மா?"

சென்னப்பனுக்கு நாக்கு நுனிவரை வந்தது. நான்தான் கொண்டுபோனேன் என்று இரண்டே சொல். அதைச் சொன்னால் எந்தக் கடைக்கு என்று கேட்பார்கள். சத்தியம் செய்து கொடுத்திருக்கிறான். இதைத்தான் அவன் பிற்பாடு தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். நிஜம் என்னவென்று அவனுக்குத் தெரியும். அவன் நினைத்தது சத்தியத்தை இல்லை, அந்த ஒரே அறையை. சாவிக்கொத்தைச் சத்தம் வராமல் பிடித்துக்கொண்டு நின்றான். டாக்டரம்மா அவளுக்காக இரண்டு வார்த்தை பேசிப் பார்த்தார். செக்ரட்டரி கேட்கவில்லை. நாளை முதல் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

போகும்போது ஷரீபுன்னிசா கிணற்றடியில் கை கழுவினாள். அவன் வாளியில் தண்ணீர் மொண்டு ஊற்றினான். "உம்மேல எனக்கு ஒண்ணும் இல்ல தம்பி. பொண்டாட்டி புள்ளைங்கள வெச்சிருக்கே" என்றாள். அதற்குப் பதில் நாலு திட்டு திட்டியிருந்தால் அவனுக்கு ராத்திரி தூக்கம் வந்திருக்கும்.

மறுநாள் ஸ்டீலை எல்லாம் பழைய இரும்புக்காரனிடம் போடச் சொல்லி உத்தரவு. சென்னப்பன் ஐந்தைப் போட்டான். சின்னது ஒன்றை வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு வந்து, கேழ்வரகுக் குதிருக்கு அடியில் வைத்தான். ஏன் வைத்தான் என்று கேட்டால் அவனுக்குச் சொல்லத் தெரியாது. அவள் மேல் போட்ட திருட்டை இவன் நிஜமாகவே செய்தான். பாஞ்சாலி பார்த்துவிட்டாள். அவளுக்குப் பிரசவம் பார்த்து முடித்து, பிற்பாடு புண் ஆறியதா என்று பார்த்ததெல்லாம் அந்தச் சின்னதில்தான். "இது வெளிய தெரிஞ்சா நாமளும் வெளியதான்" என்றாள். அதை எடுத்துப்போடு என்று மட்டும் சொல்லவில்லை.

ஐப்பசி மழையில் குழி நிரம்பி ஓடையில் வழிந்தது. கீழ்ப்பக்கம் நஞ்சப்பன் என்கிற விவசாயியின் கிணறு. ஓடைத்தண்ணீர் கிணற்றுக்குள் இறங்கி, மோட்டார் தண்ணீர் எடுக்காமல் நின்றுவிட்டது. தண்ணீரை உறிஞ்சும் குழாயின் அடியில் இருக்கும் புட்வால்வைக் கழற்றினால் அதன் வாயில் பாதி உருகின பிளாஸ்டிக் ஒன்று அடைத்துக்கொண்டிருந்தது. அதை அப்படியே எடுத்துக்கொண்டு அவர் போனது ரஷீத் பாய் கடைக்கு. இது என்னய்யா அகப்பை, யார் வீட்டுச் சோத்துக்கு என்று கேட்டிருக்கிறார். பாய் கண்ணாடியை மாட்டிப் பார்த்துவிட்டு, இது கன்றுக்குட்டிக்கு மருந்து ஊற்றுவது, ஸ்டீலில் நான் ஆறு ராவிக் கொடுத்திருக்கிறேன் என்றாராம்.

மாட்டாஸ்பத்திரி ஓடைக்கு மேலே இல்லையே, மேலே இருப்பது பிரசவ ஆஸ்பத்திரி என்று நஞ்சப்பன் சொன்னார். சொல்லிவிட்டுப் புட்வால்வை ரிப்பேருக்கு வைத்துவிட்டுப் போய்விட்டார். அவருக்கு அதற்கு மேல் ஒன்றும் தோன்றவில்லை. பாய்க்குத் தோன்றியது.

அன்று மதியமே கடையைப் பூட்டிவிட்டு ஆஸ்பத்திரிப் பின்பக்கம் வந்து நின்றார். சென்னப்பன் குழியில் இறங்கிக் கட்டி கட்டியாகக் கிடந்ததை வாரிக்கொண்டிருந்தான். மேலே ஏறினால் அடி விழும் என்று உள்ளேயே நின்றான். பாய் குழியின் விளிம்பில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"என் வூட்டுக்காரிக்கு வேலை போனது இதுக்குத்தானா?"

"ஆமாங்க பாய்."

"எம்பேர் வரக்கூடாதுன்னு வாயை மூடிக்கிட்டா."

"ஆமாங்க."

பாய் வாரிப்போட்ட கட்டி ஒன்றை எடுத்து அதன் விளிம்பை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு கேட்டார். "நான் ராவினதுல எதுலயாச்சும் பிசிறு வுட்டுட்டேனா? யாருக்காச்சும் நொந்துச்சா?"

சென்னப்பன் இல்லை என்று தலையாட்டினான். அப்படியானால் அன்று அந்த அறையில் யாரும் யாருக்காகவும் பயந்திருக்க வேண்டியதில்லை. அவள் சொல்லியிருக்கலாம். இவனும் சொல்லியிருக்கலாம். பாய் சிரித்துக்கொண்டேகூட வந்து நின்றிருப்பார். இப்போது சொல்லி என்ன? பாய் செக்ரட்டரியிடம் போகிறேன் என்று கிளம்பினார். வீட்டில் ஷரீபுன்னிசா போகவிடவில்லை. ஸ்டீலையே எடைக்குப் போட்டுவிட்டார்கள், இனி அங்கே போய் நான் எதைக் கொதிக்க வைப்பது என்று கேட்டாளாம்.

வெளிநாட்டுக்காரர்கள் ஆவணியிலேயே வந்து படம் எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். அடுத்த வருஷம் பெட்டி வரவில்லை, அதற்கடுத்த வருஷமும் வரவில்லை. இருந்ததும் தீரும் நிலைக்கு வந்தது. ஸ்டீல் இல்லை, புதுசு வாங்க உத்தரவும் இல்லை. வேறு வழி? ஒரு தடவைக்குச் செய்த பிளாஸ்டிக்கைக் கழுவி, டெட்டால் தண்ணீரில் ஊறப்போட்டுத் திரும்ப எடுத்தார்கள். கொதிக்க வைத்தால் வளைந்துவிடும், அதனால் ஊறல்தான். கண்ணாடி மாதிரி இருந்தது மஞ்சளானது, விளிம்பில் கீறல் விழுந்தது. எறியத்தான் செய்தது என்பதால் எறிந்த காலம் போய், எறிய வேண்டியதை எறிய முடியாத காலம் வந்தது. டாக்டரம்மா பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே முகம் சுண்டியிருக்கும். பெண்கள் குறைந்து செவ்வாய்க்கிழமை பத்துப் பேர் வந்தால் அதிகம். குழியில் புகை குறைந்தது. ஆனாலும் சென்னப்பன் ஜன்னல் ஆணியைப் பிடுங்கவில்லை. மூன்று வருஷம் அப்படியே ஓடியது. குதிருக்கு அடியில் வாத்துமூக்கு கிடந்தது. போலீஸ்காரன் ரோட்டில் சைக்கிளில் போனால்கூட அவன் உள்ளே போய்க் குதிருக்கு அடியில் கைவிட்டுப் பார்த்துவிட்டு வருவான்.

எண்பத்தெட்டு மார்கழியில் ஒரு செவ்வாய்க்கிழமை ஷரீபுன்னிசா சீட்டெடுத்து வராண்டா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பாதி உடம்பாக இருந்தாள். பக்கத்தில் ஷகிலா. நாலு மாசமாக உதிரம் நிற்கவில்லை என்று ஷகிலா சொன்னாள். வேறு எந்த ஆஸ்பத்திரிக்கும் போக மாட்டேன் என்று அம்மா அடம்பிடித்து, பாய் கெஞ்சி, கடைசியில் இங்கே மட்டும் வருகிறேன் என்று வந்திருக்கிறாள். உள்ளே இருக்கிற டாக்டரம்மா நல்லவர், அவர் கை மெதுவான கை என்று அவளுக்குத் தெரியும்.

கதவு திறந்து மூடும்போது உள்ளே தட்டு தெரிந்தது. டெட்டாலில் மஞ்சளாக ஊறிக்கொண்டிருந்த பிளாஸ்டிக்கை அவள் பார்த்தாள். எழுந்துவிட்டாள். "வாடி, வூட்டுக்குப் போவலாம்" என்றாள் மகளிடம். ஷகிலா கையைப் பிடித்து இழுத்தாள். அவள் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள், படியிறங்கவும் முடியவில்லை, உட்காரவும் மனசில்லை. இன்று போனால் இன்னொரு தடவை வரமாட்டாள் என்று சென்னப்பனுக்குத் தெரிந்தது. எட்டு வருஷக் கதையைக் கேட்டவன்தானே.

அவன் கிட்டே போனான். செக்ரட்டரி அறைக் கதவு திறந்திருந்தது, அவர் உள்ளே பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். சென்னப்பன் குரலைத் தாழ்த்தினான்.

"அக்கா, சின்னது ஒண்ணு வூட்டுல கெடக்குது. எடைக்குப் போடல."

ஷரீபுன்னிசா அவனை ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு முக்காட்டு நுனியை வாயில் வைத்துக்கொண்டாள். சிரிப்புதான்.

"திருட்டுப்பய" என்றாள். "மூணு வருசமா வெச்சிருக்கே?"

"கேவுரு குதிருக்கு அடியிலக்கா."

எடுத்து வந்தால் அவர் பார்ப்பாரே என்று ஷகிலா கேட்டாள். அந்த வராண்டாவில் அவர் கண்ணில் படாமல் உள்ளே போக வழி கிடையாது. ஷரீபுன்னிசா அந்தக் கதவைப் பார்த்தாள், பின்பக்கம் அவனுடைய அறை இருந்த திசையைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். கேட்கலாமா வேண்டாமா என்று யோசித்த மாதிரி இருந்தது. பிறகு பெஞ்சில் மெல்ல உட்கார்ந்தாள். அதற்கு இரண்டு மாசம் கழித்து அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள். அவனிடம் அவள் கடைசியாகக் கேட்டது அன்றைக்கு, அந்தப் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு கேட்டதுதான்.

"எடுத்துட்டு வா தம்பி. இருவது நிமிசம் நல்லா கொதிக்கட்டும். ஆறினப்பறம் வெதுவெதுப்பாத் தண்ணி கலந்து, உன் பொறங்கையில வுட்டுப் பாரு, அவசரப்படாத. டாக்டரம்மா கையில நீயே கொண்டுபோய்க் குடு. அப்பறம் வாசல்லயே நில்லு. உள்ள என்னைப் படுக்க வெச்சதும், இன்னைக்கு என்ன கொளம்புன்னு அங்கிருந்தே சத்தமாக் கேளு."